கேட்கத் தெரிய வேண்டும்

எதைக் கேட்டாலும் எழுதித் தரும் யந்திரம் ஒன்று இன்று ஜனங்களின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. கைபேசி ஒன்று இருந்தால் போதும். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் வேண்டுமா, பிள்ளையின் பாடத்துக்கு விளக்கம் வேண்டுமா, சர்க்கார் அலுவலகத்துக்கு மனு வேண்டுமா, கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி 'சாட்ஜிபிடி' பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் 'ஜெமினி', 'கிளாட்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றைச் செயற்கை நுண்ணறிவு என்று அழைக்கிறோம். இவற்றிடம் நாம் எழுதிக் கேட்பதற்குப் 'பிராம்ப்ட்' என்று பெயர்.

ஆனால் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். ஒரே யந்திரத்திடம் இருவர் கேட்கிறார்கள். ஒருவருக்கு உருப்படியான கடிதம் கிடைக்கிறது. மற்றவருக்கு வெறும் வாய்ப்பந்தல் கிடைக்கிறது. "இதெல்லாம் பயனில்லை" என்று அவர் கைபேசியை மூடிவைத்துவிடுகிறார். அல்லது, அதைவிட மோசமாக, வந்த வாய்ப்பந்தலில் அப்படியே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். யந்திரம் ஒன்றே; விடை ஏன் வேறுபடுகிறது? கேள்வி வேறுபட்டதுதான் காரணம். இது வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போகும் விஷயமல்ல. மனுவும் விண்ணப்பமும் வைத்தியக் குறிப்பும் இந்த யந்திரத்தின் வழியே போகத் தொடங்கிவிட்ட காலத்தில், கேட்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவே ஒரு புதிய ஏற்றத்தாழ்வு முளைத்து வருகிறது.

யந்திரம் எதைப் பார்க்கிறது?

முதலில் அந்த யந்திரம் என்ன செய்கிறது என்று அறிந்துகொள்வது நலம். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற அமைப்பை வெளியிட்டார்கள். இன்றைய மொழி யந்திரங்களில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவையே. கணக்கற்ற நூல்களையும் கட்டுரைகளையும் உரையாடல்களையும் அதற்கு ஊட்டுகிறார்கள். ஒரு வாசகம் இவ்வளவு தூரம் வந்திருந்தால் அடுத்து எந்தச் சொல் வரத் தகும் என்று கணிக்க அது பழகுகிறது. பிறகு, எந்த விடை மனிதருக்குப் பயன்பட்டது, எது படவில்லை என்று காட்டி அதைத் திருத்துகிறார்கள்.

ஆகவே நாம் எழுதும் கேள்விதான் அது நடக்கத் தொடங்கும் பாதை. அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நம் வீட்டு வாசலை அறியாது. மடியில் என்ன பத்திரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நாம் எழுதியது, நாம் கொடுத்த காகிதங்கள், முன்பு பேசியதில் அதன் குறிப்பில் நிற்பது, சில வேளைகளில் அதுவாகத் தேடிப் பிடிக்கும் செய்தி, இவ்வளவே அதன் கையிருப்பு. மற்றதையெல்லாம் ஊகித்தே நிரப்பும். ஊகம் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு சொல்லும். அதுதான் ஆபத்து.

கணக்கு யந்திரத்தை வகுத்த சார்லஸ் பாபேஜ் 1864-இல் வெளியிட்ட சுயசரிதையில் ஒரு செய்தி வருகிறது. யந்திரத்தில் தவறான எண்களைப் போட்டால் சரியான விடை வருமா என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டின் இரு சபைகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் அவரைக் கேட்டார்களாம். இப்படியும் கேட்கத் தோன்றுமா என்று அவர் திகைத்துப்போனார். இன்று நாம் அந்த அங்கத்தினர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பாபேஜின் யந்திரத்தில் தவறான எண்ணைப் போட்டால் தவறான எண்தான் வரும். நம் காலத்து யந்திரமோ அரைகுறைக் கேள்விக்கும் அழகான விடை தருகிறது. அழகைக் கண்டு பிழையை மறந்துவிடுகிறோம்.

மனு எழுதுபவரின் மரத்தடி

கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் தாலுகா கச்சேரி வாசலிலும் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருபவர்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். "பட்டா மாற்ற வேண்டும், ஒரு மனு எழுதுங்கள்" என்கிறார். அனுபவமுள்ள எழுத்தர் உடனே பேனாவை எடுப்பதில்லை. "எந்தக் கிராமம்? புல எண் என்ன? பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது? விலைக்கு வாங்கினீர்களா, பாகமாக வந்ததா? பத்திரம் எந்த ஆண்டு? முன்பே மனுக் கொடுத்த ரசீது இருக்கிறதா?" என்று கேட்கிறார். பெரியவர் மடியை அவிழ்த்துக் காகிதங்களை எடுத்துக் காட்டிய பிறகே பேனா எழுதத் தொடங்குகிறது. எழுதும் நேரம் குறைவு. கேட்கும் நேரமே அதிகம். அவர் வாங்கும் கூலியில் பெரும்பகுதி அந்தக் கேள்விகளுக்குத்தான்.

அதே பெரியவரின் பேரன் கைபேசியில், "பட்டா மாற்ற மனு எழுது" என்று நான்கு சொல் எழுதுகிறான். யந்திரம் பெரும்பாலும் எதிர்க்கேள்வி கேட்காமலேயே எழுதிவிடுகிறது. "மாண்புமிகு" என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடும். எங்கிருந்தோ ஒரு சட்டப் பிரிவும் அதில் வந்து உட்கார்ந்திருக்கலாம். கிராமம் இல்லை, புல எண் இல்லை, யார் யாருக்கு வாரிசு என்பது இல்லை. மேஜைமேல் வந்த அந்த மனுவை வைத்துக்கொண்டு தாசில்தார் என்ன செய்வார்?

பேரன் இப்படிக் கேட்டிருந்தால்?

"என் தாத்தா ஒரு சிறு விவசாயி. நிலம் அவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் 2019-இல் காலமானார். அவருக்கு மனைவி, மக்கள் இல்லை. வாரிசுச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. அதில் தாத்தாவும் அவருடைய தங்கையும் வாரிசுகள். இருவர் பெயருக்கும் கூட்டாகப் பட்டா மாற்றக் கோரித் தாசில்தாருக்கு ஒரு மனு எழுது. ஒரு பக்கத்துக்கு மிக வேண்டாம். எளிய தமிழாக இருக்கட்டும். புல எண், பட்டா எண், தேதி ஆகியவற்றுக்குக் கோடிட்ட இடம் விடு. நீயாக எதையும் நிரப்பாதே. சட்டப் பிரிவு எதையும் நீயாகச் சேர்க்காதே. இணைக்க வேண்டிய காகிதங்களைக் கடைசியில் வரிசையாக எழுது. எழுதுமுன் தெரிய வேண்டியது ஏதேனும் இருந்தால் முதலில் என்னைக் கேள்."

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. யார் கேட்கிறார், யாருக்குப் போகிறது, நடந்தது என்ன, வேண்டியது என்ன, எவ்வளவு நீளம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இவற்றில் மிக முக்கியமானது கடைசி வாக்கியம். "முதலில் என்னைக் கேள்" என்று சொல்லிவிட்டால், மரத்தடி எழுத்தர் செய்யும் வேலையைச் செய்யும்படி யந்திரத்தை நாமே பணித்துவிடுகிறோம்.

நன்னூலார் சொன்ன பத்து

இது என்னமோ மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புது வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று ஏவல் வினா. கேள்வி உருவத்தில் ஒருவரை ஒரு வேலைக்கு ஏவுவது. இன்று யந்திரத்திடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. விடையை அவர் எட்டு வகையாகப் பிரித்தபோது, வினாவுக்கு எதிர் வினாவாக வருவதையும் ஒருவகை விடையாகவே கணக்கில் சேர்த்தார்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் சிலவற்றை நம் கேள்விகளுக்குப் பொருத்திப் பாருங்கள். தேவையானதைச் சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். "பட்டா மனு எழுது" என்பது இதுதான். தேவையற்றதைக் கொட்டுவது மிகைபடக் கூறல். ஒரு விடுமுறைக் கடிதத்துக்குக் குடும்ப வரலாறு முழுவதையும் எழுதுவது இது. "சுருக்கமாகச் சொல், ஆனால் ஒன்றும் விடாமல் விவரி" என்பது மாறுகொளக் கூறல். "அவர் அவரிடம் கொடுத்த பணத்தை அவர் தரவில்லை" என்று எழுதி யார் எவர் என்று தெரியாமல் அடிப்பது மயங்க வைத்தல். கடன் விஷயமாகத் தொடங்கிப் பக்கத்து வீட்டுச் சண்டையில் முடிப்பது மற்றொன்று விரித்தல். கேள்வியை அனுப்பும் முன் இந்த ஐந்தையும் ஒருமுறை உரைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஆராய்ச்சி கண்டவை

விஞ்ஞானிகள் இத்துறையில் சில உண்மைகளைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். 2020-இல் 'ஜிபிடி-3' என்ற யந்திரத்தை, 17,500 கோடி அளவுருக்கள் கொண்டதை, வெளியிட்டவர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வேலையை வருணிப்பதோடு நில்லாமல், செய்து முடித்த மாதிரிகள் சிலவற்றையும் கேள்வியிலேயே வைத்தால், பல வேலைகளை அது இன்னும் நன்றாகச் செய்தது. "இனிமையாக எழுது" என்று பத்து முறை சொல்வதைவிட, உங்களுக்குப் பிடித்த கடிதம் ஒன்றைக் காட்டி "இந்த மாதிரி எழுது" என்பது மேல். புதுக் கொத்தனாருக்கு வாயால் சொல்வதைவிடக் கட்டிய சுவரைக் காட்டுவது எளிதல்லவா?

2022-இல் டோக்கியோ சர்வகலாசாலையையும் கூகுளையும் சேர்ந்தவர்கள் மற்றொன்றைக் கண்டார்கள். கணக்கைக் கொடுத்து நேரே விடை கேட்டபோது, ஒரு தொகுப்பில் 100-க்கு 17.7 கணக்குகளே சரியாக வந்தன. படிப்படியாக யோசிப்போம் என்ற பொருளில் ஒரே ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்த்ததும் 78.7 ஆக உயர்ந்தது. பின்னர் வந்த யந்திரங்களில் பல தாமாகவே படிப்படியாக யோசிக்கப் பழக்கப்பட்டுவிட்டன. ஆகையால் அந்த வாக்கியத்தின் மகிமை இப்போது குறைந்துவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் நிற்கிறது. பெரிய வேலையை ஒரே மூச்சில் கேட்காமல் பகுதி பகுதியாகக் கேட்க வேண்டும்.

2023-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி, நீண்ட வாசகத்தின் நடுவில் கிடக்கும் செய்தியை யந்திரம் தவறவிடக்கூடும் என்றும், தொடக்கத்திலோ முடிவிலோ இருப்பதை நன்கு பயன்படுத்துகிறது என்றும் காட்டியது. எனவே நீண்ட பத்திரத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்பவர், தமக்கு வேண்டியதை நடுவில் புதைத்துவிடாமல் முதலிலோ முடிவிலோ தெளிவாக எழுதுவது நலம்.

இவ்வளவுதான் வித்தை. "ஆயிரம் மந்திரப் பிராம்ப்டுகள்" என்று விலைபோட்டு விற்பவர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியது நம் கடமை. யந்திரம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று பலித்த சொல் நாளைக்குப் பலிக்காது. பிறர் எழுதிய கேள்வியில் உங்கள் புல எண் இருக்குமா? உங்கள் தாயாரின் வியாதி இருக்குமா?

தமிழில் கேட்பவருக்கு

தமிழில் கேட்பவர் இன்னும் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். இந்த யந்திரங்கள் படித்ததில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் சொற்பம். அதனால் நம் வாழ்க்கையின் நுட்பங்கள் அதற்குச் சில சமயம் பிடிபடுவதில்லை. 'அங்கிள்' என்று எழுதினால் தாய்மாமனா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று அது எப்படி அறியும்? வாரிசு விவகாரத்தில் இந்த வித்தியாசம் சொத்தையே மாற்றிவிடும். குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். சென்ட் கணக்கில் சொல்லிவிடுவது பத்திரம். விடை கரடுமுரடாக மொழிபெயர்ப்பு வாடை அடித்தால், "ஊரில் பேசுகிறபடி எளிய தமிழில் திருப்பி எழுது" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அதற்குச் சலிப்பு வராது, கோபமும் வராது.

இன்னொன்று. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ரகசியக் குறி ஆகியவற்றைக் கேள்வியில் எழுதவே வேண்டாம். மனுவுக்கு அவை தேவையானால் கடைசியில் கையால் நிரப்பிக்கொள்ளலாம்.

கையெழுத்து யாருடையது?

எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் சரிபார்க்கும் கடமை நம்மை விட்டுப் போவதில்லை. நியூயார்க்கில் 2023-இல் நடந்ததை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஏவியங்கா விமானக் கம்பெனிக்கு எதிரான வழக்கில், பிரயாணியின் தரப்பு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த வாதத்தில் பழைய தீர்ப்புகள் பல காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பார் தேடினார்கள்; நீதிபதியும் தேடினார். அவற்றுள் பல தீர்ப்புகள் கிடையவே கிடையா. அவை யந்திரம் புனைந்தவை. இதில் கவனிக்க வேண்டியது, தாக்கல் செய்த வழக்கறிஞர்களுள் ஒருவர், "இவை உண்மையான வழக்குகள்தானா?" என்று அந்த யந்திரத்தையே கேட்டிருந்தார் என்பதுதான். அதுவும் ஆம் என்றது. இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

சாட்சி சொன்னவனையே கூப்பிட்டு, "நீ சொன்னது மெய்தானா?" என்று கேட்பது விசாரணை ஆகாது. சட்டப் பிரிவானால் சட்டப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். மருந்தின் அளவானால் வைத்தியரைக் கேட்க வேண்டும். தேதியும் தொகையுமானால் ரசீதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். "எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக் காட்டு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்று கேள்வியிலேயே எழுதுவது உதவும். ஆனால் அதுவும் காப்புறுதி அன்று. மனுவின் அடியில் கையெழுத்து நம்முடையது. யந்திரத்துக்குக் கையும் இல்லை, எழுத்தும் இல்லை.

தகவல் உரிமை தந்த பயிற்சி

நம் நாட்டில் கேட்கும் கலையை ஏற்கெனவே ஒரு சட்டம் கற்பித்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு நாட்டின் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வரவேண்டும். "எங்கள் தெருச் சாலை ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஏனெனில் அலுவலகத்தில் பதிவாக இருப்பதையே அச்சட்டப்படி பெறமுடியும். "இன்ன தெருவில், இன்ன ஆண்டில் போட்ட சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஒப்பந்ததாரர் யார்? அளவுப் புத்தகத்தின் நகல் தருக" என்று கேட்டவர்கள் காகிதத்தோடு திரும்பினார்கள். அந்தப் பழக்கமுள்ளவர்களுக்கு யந்திரத்திடம் கேட்பது புதிதாகத் தோன்றாது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இது. பள்ளிக்கூடங்களில் கடிதம் எழுதப் பழக்குகிறோம்; கட்டுரை எழுதப் பழக்குகிறோம்; விடை எழுதப் பழக்குகிறோம். கேள்வி எழுத எங்கே பழக்குகிறோம்? தமிழ் வகுப்பிலேயே இதற்கு இடமுண்டு. நன்னூலின் ஆறு வினாக்களைப் பரீட்சைக்காக ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக்கு வேண்டிய ஒரு மனுவுக்கான கேள்வியை எழுதி வரட்டும். வகுப்பில் அதைத் திருத்தட்டும். இ-சேவை மையங்களிலும் நூலகங்களிலும், எழுதப் படிக்கத் தடுமாறுவோருக்குப் பக்கத்தில் அமர்ந்து கேள்வியைச் செப்பம் செய்து கொடுக்க ஆள் வேண்டும். மரத்தடி மனு எழுத்தர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்? யந்திரம் வந்ததால் அவர்கள் பிழைப்புப் போயிற்று என்று இருந்துவிடாமல், அவர்களுடைய அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சர்க்கார் வழி காணவேண்டும்.

யந்திரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரைகுறையாகக் கேட்கும் ஏழைக்கு அழகான பொய்யை எழுதிக் கொடுப்பதைவிட, "ஐயா, புல எண் என்ன?" என்று திருப்பிக் கேட்கும் யந்திரமே நாட்டுக்கு வேண்டியது.

அதுவரை பொறுப்பு நம்முடையது. கைபேசியைத் தொடுமுன் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, எனக்கு என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும், என் கையில் என்ன இருக்கிறது, எது எனக்குத் தெரியாது என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். நம் தேவையை நாமே தெரிந்துகொள்ளும் அந்த வேலையை எந்த யந்திரமும் நமக்காகச் செய்யாது. அதைச் செய்துவிட்டவருக்கு யந்திரம் நல்ல வேலைக்காரன். செய்யாதவருக்கு அது வாய்ச்சாலக வழித்துணை. பேச்சு இனிக்கும், ஊர் போய்ச் சேராது.